பின்தண்டுக்காரரும் எங்கேயும் போகாத படியும்

மலரு, கதிரு, ரெண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். உங்கள் இருவரையும் வாசலில் நிறுத்தி, "திரும்பி நில்லுங்க கண்ணுங்களா" என்றார். உங்கள் முதுகை வெகு நேரம் பார்த்தார். ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று நான் சாப்பிடும்போது கதிர் கேட்டான், "அந்தத் தாத்தா லூசாப்பா?" என்று. ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பேசினால் முன்பின்னாக வரும், எழுதினால் கொஞ்சம் வரிசையாக வரும். அதனால் எழுதுகிறேன்.

முகத்தைக் காட்டினால் அவருக்கு ஆளைத் தெரியாது, முதுகைக் காட்டினால் ஆள் யார், யாருடைய மகன், நேற்று வீட்டில் சண்டையா சமாதானமா என்பது வரை சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் இந்தியாவிலேயே அவர் ஒருவர்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. டெல்லி தாண்டியும் போய்ப் பார்த்துவிட்டேன்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ரேஷன் கார்டில் எழுதியிருக்கும். நம் பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருடைய சொந்தத் தம்பியே "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்பார். பின்தண்டு என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும்.

நம் தெருக் கோயில் திருவிழாவில் சாமியைப் பல்லக்கில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பல்லக்குக்கு இரண்டு நீளமான தண்டுகள். முன்தண்டைத் தூக்குகிறவர்களுக்கு வழி தெரியும், கூட்டம் தெரியும், மாடியிலிருந்து பூப் போடுகிறவர்கள் தெரியும். பின்தண்டின் கடைசி ஆளுக்கு முன்னால் போகிறவனின் முதுகு மட்டும்தான் தெரியும். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த இடத்தில் தோள் கொடுத்தவர் இவர். மற்ற நாட்களில் அரிசி மண்டியில் மூட்டை தூக்குவார். அங்கேயும் முன்னால் ஒரு முதுகு போய்க்கொண்டிருக்கும். ஊரே அவருக்கு முதுகாகத்தான் மனப்பாடம் ஆனது.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் காபி கொடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர், அந்தப் பெண் திரும்பி உள்ளே நடந்த பிறகுதான் "சரி" என்றாராம். அந்தப் பெண்தான் அண்ணி. அவரே இதை எங்களிடம் சொல்லியிருக்கிறார். "சண்டை போட்டா நான் திரும்பி நின்னுப்பேன். அப்பத்தான் கோவமா இருக்கறது பொண்டாட்டின்னு அவருக்கு வெளங்கும்."

மண்டியில் ஒருமுறை சைக்கிள் திருடு போனது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார். திருடன் முகம் பளிச்சென்று தெரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்தண்டும் உதட்டைப் பிதுக்கினார். திருடன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போகிற இடம் வந்ததும், "அட, இது நம்ம முதலாளி மச்சான்" என்றார். முகத்தைப் பார்த்தபோதே மற்றவர்களுக்கெல்லாம் அது தெரிந்திருந்தது. சொல்லத்தான் யாருக்கும் தெம்பில்லை.

கடைசியில் நிற்பது அவர் உடம்போடு ஊறிப்போன பழக்கம். ரேஷன் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் எறும்பு கடித்த மாதிரி நெளிவார். "நீ முன்னால போப்பா" என்று அனுப்பிவிட்டு மறுபடி கடைசிக்கு வருவார். அவர் முறை வருவதற்குள் பாமாயில் தீர்ந்திருக்கும்.

"இன்னாண்ணா, இன்னிக்கும் இல்லையா?"

"இல்லப்பா. ஆனா நம்ம மேஸ்திரிக்கு இடுப்பு சரியில்ல, கவனிச்சியா?"

இந்த மனிதருக்கும் பின்னால் போகிற ஒரே ஆள் நான். சீரியல் லைட், டியூப் லைட், ஜெனரேட்டர் வண்டி எல்லாம் என் பொறுப்பு. பல்லக்குக்குப் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவேன். அவர் ஊர் முதுகைப் பார்த்தார், நான் அவர் முதுகைப் பார்த்தேன். என் முதுகை அவர் பார்க்க வழியே இல்லை. அதனால் வண்டி இல்லாமல் தெருவில் எதிரே வந்தால் என்னை யாரோ போலத் தாண்டிப் போய்விடுவார். நான் வாயாலேயே "டுபுடுபுடுபு" என்று ஓட்டிக் காட்டுவேன். உடனே நின்று முகமெல்லாம் சிரிப்பாகி, "ஜெனரேட்டரா, நல்லாகீறியாப்பா?" என்பார்.

நீங்கள் ரொம்பச் சின்னவர்களாக இருந்தபோது இவரை இமயமலைக்குக் கூட்டிக்கொண்டு போனது உங்கள் கோபி மாமா. ஒரகடத்துக் கம்பெனியில் சம்பளம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து அவனுக்கு மலை ஏறும் பைத்தியம். முதுகுப் பை, கூடாரம், கைத்தடி என்று வாங்கிக் குவிப்பான். ஒரு நாள் டீக்கடையில் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். உத்தராகண்டில் எங்கோ ஓர் உயரத்தில் இடிந்து கிடக்கிற பழைய கல்கோயில், அதற்குப் போகிற பாதை. பின்தண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அத்த கொஞ்சம் நிறுத்து. அந்த வளைவத் திருப்பிக் காட்டு."

கோபி காட்டினான். மலையின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போகிற ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறைச் சுவர். இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

"இந்தக் கோயிலுக்கு சாமி எப்படிப் போச்சு?"

"பல்லக்குலதான் பெரிப்பா. வெயில் காலத்துல மேல தூக்கிக்கினு போவாங்களாம், பனி வந்தா கீழ ஊருக்கு எடுத்தாந்துடுவாங்களாம். மேல கோயில் இடிஞ்சப்பறம் சாமி கீழயே தங்கிடுச்சி."

"சாமி போச்சு, சரி. அந்த வளைவுல பின்தண்டு எப்படிப் போச்சு?"

கோபிக்குக் கேள்வி விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது, சொல்கிறேன். நீளமான லாரி ஒரு சந்துமுனையில் திரும்பும்போது அதன் வால் வெளியே வீசிக்கொண்டு வரும், பார்த்திருப்பீர்கள். பல்லக்கும் அப்படித்தான். முன்னால் இருப்பவர்கள் பாதையிலேயே திரும்பிவிடுவார்கள். பின்னால் இருப்பவர் பாதையை விட்டு வெளியே போனால்தான் தண்டு திரும்பும். நம் தெருமுனையில் பச்சை வீடு இருக்கிறதே, அதன் பக்கச் சுவரில் வாசலே இல்லாத இடத்தில் ஒற்றைப் படி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள்கூட அதில் ஏறிக் குதிப்பீர்கள். பல்லக்கு திரும்பும்போது பின்தண்டு கால் வைக்கிற படி அது. வீட்டை இடித்துக் கட்டியபோது வாசலை வேறு பக்கம் மாற்றிய வீட்டுக்காரர், சாமிக்காக அந்தப் படியை மட்டும் விட்டு வைத்தார்.

"இங்க முனை வூட்டுப் படி இருக்குது. அங்க இன்னா இருக்குது? காத்துதான் இருக்குது" என்றார் பின்தண்டு. "காத்துலயா கால வெச்சான் அந்த ஆளு?"

அவ்வளவுதான். அந்த ஆளை, எந்தக் காலத்திலோ அந்த மலையில் கடைசியில் நடந்த ஒருவனை, அவர் மனதை விட்டு எடுக்க முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் நிறுத்தி, "ஒருவேளை முட்டி போட்டிருப்பானோ" என்பார். அண்ணி நம் வீட்டுக்கே வந்து, "அந்தக் கோயிலக் கண்ணுல காட்டிக் கூட்டியாந்துடுப்பா கோபி, தூக்கத்துல வளைவு திரும்புறாரு, கட்டில்ல எனக்கு எடமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயிற்சி ஆரம்பமானது. கோபி ஒரு முதுகுப் பை கொண்டுவந்து இரண்டு தோளிலும் மாட்டச் சொன்னான்.

"முதுகுல எவனாச்சும் சாமி தூக்குவானா?"

"பெரிப்பா, இது சாமி இல்ல. ஸ்வெட்டரு, துண்டு, பேஸ்ட்டு."

"எதுவா இருந்தா இன்னா. தோளுக்கு வந்துட்டா தூக்கறதுதான்."

இரண்டு பட்டைகளையும் சேர்த்து ஒரே தோளில் போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் திருப்பருத்திக்குன்றம் வரை நடப்பார். ஊர்ப் பெயரில்தான் குன்றம் இருக்கிறது, ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. வழியில் தோள் மாற்றுவார். பையை மட்டும் தரையில் வைக்க மாட்டார். பல்லக்கு நிற்கும்போது தண்டுக்கு முட்டுக் கொடுக்கிற கவைக்கோல் ஒன்றைக் கூடவே எடுத்துப் போய், பையை அதில் மாட்டிவிட்டுத்தான் டீ குடிப்பார். கனம் போதவில்லை என்று பக்கத்து வீட்டுத் தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்பதற்காகத் தொங்கவிட்டிருந்த மணல் மூட்டைகளை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார் ஒரு நாள். பாவு தொய்ந்து தரையில் கிடந்தது. அந்த வீட்டு அக்கா தெருவில் நின்று, "மலை ஏர்றவரு ஏறட்டும். எங்க வூட்டுப் பாவு ஏன் எறங்கணும்?" என்று கேட்டது டீக்கடை வரை கேட்டது.

கோபியின் சினேகிதன் ஒருவனுக்கு லீவு கிடைக்காமல் ஓர் இடம் மிச்சமானது. உங்கள் அம்மா என்னைப் போகச் சொன்னாள். "அந்தப் பெரியவரை நம்பி அனுப்ப முடியாது. கூடப் போயி பத்திரமாப் பாத்துக்குங்க." யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

ரயில், பஸ், ஜீப் எல்லாம் முடிந்து நடக்க ஆரம்பித்தோம். வழிகாட்டியாக வந்தவர் என் வயதுக்காரர், அந்த மலைக் கிராமத்து ஆள். அவர் இந்தியில் சொல்வதைக் கோபி பாதி புரிந்துகொண்டு முழுதாகச் சொல்வான். பின்தண்டு அவருக்கு முதல் நாளே 'முன்தண்டு' என்று பெயர் வைத்துவிட்டார். வழிகாட்டி முதலில், பிறகு கோபி, பிறகு நான், கடைசியில் பின்தண்டு. அவர் என் முதுகைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இத்தினி வருசமா உன்ன எனக்குத் தெரியவே தெரியாது ஜெனரேட்டரு."

"இப்போ தெரிஞ்சிதாண்ணா?"

"தெரியுது. நல்லவன்தான். ஆனா பயந்த ஆளு. தோளு ரெண்டும் காதுகிட்ட கீது."

மேலே போகப் போகக் காற்றில் காற்றே இல்லை. ஷூ கயிறு கட்டக் குனிந்து நிமிர்ந்தால் நாலு மாடவீதியும் ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கும். பின்தண்டு இதற்கு ஒரு வழி செய்தார். நம் ஊரில் சாமி ஊர்வலம் வழியில் மண்டகப்படிகளில் நிற்கும், அங்கே சுண்டல் கொடுப்பார்கள். அவர் மலையில் மூச்சு வாங்குகிற இடங்களையெல்லாம் மண்டகப்படி ஆக்கிவிட்டார். கவைக்கோலை ஊன்றிப் பையை மாட்டுவார், ஆளுக்கு ஒரு பிடி பொட்டுக்கடலை கொடுப்பார், சாமி புறப்படுகிற மாதிரி ஒரு நிதானத்தோடு மறுபடி கிளம்புவார். வழிகாட்டிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. உயரத்தில் இப்படித்தான் மெதுவாகப் போக வேண்டும் என்றார். அண்ணி கட்டிக் கொடுத்த குடலை இட்லி மட்டும் குளிரில் கல்லாகிவிட்டது. "இடிஞ்ச கோயில்ல ஒரு கல்லு கொறைஞ்சா வெச்சிடலாம்" என்றான் கோபி.

இரண்டாம் நாள் அந்த வளைவு வந்தது. வீடியோவில் பார்த்ததைவிடக் குறுகல். வளைவுக்கு முன்னாலேயே பின்தண்டு எங்களை நிறுத்தினார். பையைக் கவைக்கோலில் மாட்டிவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, பள்ளத்துப் பக்கம் தலையை நீட்டித் தடவித் தடவிப் பார்த்தார். கால் வைக்க ஒரு புடைப்பு, ஒரு பொந்து எதுவும் இல்லை. பாறை சுவர் மாதிரி நேராக இறங்கியது.

வளைவைத் தாண்டி மேல்பக்கம் போன கோபி கூப்பிட்டான். "பெரிப்பா, இங்க வந்து பாருங்க. ராஜா காலத்து செல்ஃபி பாயிண்ட்."

பாதையின் ஓரத்திலிருந்து பள்ளத்தின் மேல் ஒற்றைக் கல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் ஒரு காலை வைக்கலாம். அதற்குக் கீழே வேறு படி இல்லை. ஊர்க்காரர்கள் அதை 'எங்கேயும் போகாத படி' என்று சொல்வார்கள், எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றார் வழிகாட்டி. பின்தண்டு ஒரு பார்வை பார்த்தார்.

"வளைவு தாண்டியில்ல இருக்குது. அது முன்தண்டு நிக்கற எடம். எனக்கு வோணாம்."

அன்றைக்கு முழுவதும் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "மேல கோயில்ல எதனா இருக்கும்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். "அவ்ளோ தூக்குனவன் ஒரு அடையாளம்கூட வுடாமப் போயிருக்க மாட்டான்."

ஆடு மேய்க்கிறவர்கள் போட்டு வைத்திருந்த குடிசையில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்பினோம். எனக்குத் தலை வலித்தது. குளிர் என்று நினைத்தேன். ஒரு மேடு ஏறியதும் கோயில் தெரிந்தது. வானத்தை ஒட்டின மாதிரி ஒரு முகடு, அதன் மேல் சாம்பல் நிறத்தில் கற்கள். கோபுரம் இல்லை, கூரை இல்லை. கல்லின் மேல் கல்லாக ஒரு சுவர் மட்டும் முழுதாக நின்றது. சுற்றிலும் மற்றதெல்லாம் சரிந்து கிடந்தது. இத்தனை உயரத்தில், இந்தக் காற்றில், இவ்வளவு பெரிய கல்லை ஏற்றி வைத்தவர்களை நினைத்தபோது எனக்குத் தலைவலிகூட மறந்துபோனது. கோபிகூடப் போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் ஒரு மண்டகப்படி தூரம்தான்.

நடந்தோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஜெனரேட்டரு, நில்லு."

"ஏண்ணா?"

"உன் சோத்தாங்காலு பீச்சாங்காலோட பேச மாட்டேங்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு காலின் முன்னால் மறு காலை ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். நடந்தேன், அல்லது நடந்ததாக நினைத்தேன். கோபி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. வழிகாட்டி திரும்பி வந்து என் கண்ணைப் பார்த்தார், இன்னொரு தரம் நடக்கச் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. உயரத்தில் சிலருக்கு மூளைக்குக் காற்று போதாமல் இப்படி ஆகும், கீழே இறங்குவதுதான் மருந்து, உடனே இறங்க வேண்டும், இவரால் நடக்க முடியாது, மூன்று பேரும் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்றார். கோபி அழுதுகொண்டே இதைத் தமிழில் சொன்னான்.

"நீ போயி பாத்துட்டு வாண்ணா" என்றேன். "நான் இப்டியே உக்காந்துக்கினு இருக்கறேன். தோ, தெரியுது பாரு. உனக்காகத்தான வந்தது."

பின்தண்டு தலையைத் தூக்கிக் கோயிலை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது இத்தினி காலம் நின்னுது, இன்னமும் நிக்கும். நீதான் நிக்க மாட்டேங்கற. படு."

குடிசை வரை என்னை இழுத்துக்கொண்டும் சுமந்துகொண்டும் வந்தார்கள். அங்கே கூரைக்குப் போட்டிருந்த இரண்டு நீளக் கழிகளை வழிகாட்டி உருவினார். வெட்டிக் குட்டையாக்கக் கையில் ஒன்றும் இல்லை. கம்பளியை நடுவில் கட்டி என்னைப் படுக்க வைத்தார்கள். முன்னால் வழிகாட்டியும் கோபியும் ஆளுக்கொரு கழி. பின்னால் இரண்டு கழிக்கும் சேர்த்து பின்தண்டு ஒருவர், இரண்டு தோளிலும்.

அந்தப் பயணத்தில் பாதி எனக்கு நினைவில்லை, கோபி சொல்லித்தான் தெரியும். மீதிப் பாதியில் வானம்தான் தெரிகிறது. "ஆடாம வாண்ணா" என்று நான் சொன்னேனாம். "சாமியே இதுவரைக்கும் கொறை சொன்னதில்ல, நீ சொல்றியா" என்றாராம். இளைப்பாற நின்றபோதும் என்னைத் தரையில் இறக்க விடவில்லை. கவைக்கோலை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டே மூச்சு வாங்கினாராம். பொட்டுக்கடலையும் கொடுத்தாராம்.

வளைவு வந்தது. வழிகாட்டி, இந்த இடத்தில் மட்டும் இறக்கிக் கையைப் பிடித்து நடத்திவிடலாம் என்றார்.

"கால் ரெண்டும் பேசிக்காதவன இங்க நடக்க வுட முடியாதுபா. தூக்கியே போலாம். நீங்க திரும்புங்க, நான் பாத்துக்கறேன்."

முன்னால் இருவரும் மெல்லத் திரும்பினார்கள். கழியின் வால் பள்ளத்துப் பக்கம் வீசியது. பாதை பின்தண்டின் காலடியில் முடிந்துபோனது. இவ்வளவு வருஷம் தெருமுனையில் செய்ததை அந்தக் கால் தானாகச் செய்தது. முனை வீட்டுப் படியைத் தேடுகிற மாதிரி வெளியே போனது. அங்கே படி இருந்தது.

எங்கேயும் போகாத படி. அதில் ஒரு காலை ஊன்றி, என்னை இரண்டு தோளிலும் வைத்துக்கொண்டு, அவர் காற்றின் மேல் நின்றார். கழிகள் பாறையை உரசாமல் திரும்பின. அடுத்த காலைப் பாதையில் வைத்தார். நல்லவேளை நான் மேலே பார்த்துப் படுத்திருந்தேன். கீழே பார்த்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

கொஞ்ச தூரம் போனதும் கம்பளி குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா?"

"ஒண்ணுமில்லப்பா. ஏறும்போது பின்தண்டு வளைவுக்குக் கீழ நிக்கும். எறங்கும்போது அதே பின்தண்டு வளைவுக்கு மேல நிக்குது, அந்தப் படிகிட்டயே. ஏத்துன சாமிய எறக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

கோபி டீக்கடையில் அதைச் சொல்லியிருந்தான். பனி வந்தால் கீழே கொண்டுவருவார்கள் என்று. ஏறுவதையே நினைத்துக்கொண்டிருந்த பின்தண்டின் காதில் அது விழவே இல்லை.

"நடுவுல தேஞ்சிருக்குதுப்பா" என்றார் இன்னும் கொஞ்சம் கீழே போன பிறகு. "அவன் பாதம் அளவுக்கே பள்ளமா இருக்குது. ஷூவப் போட்டுக்கினு மிதிச்சிட்டேன். அது ஒண்ணுதான்."

கீழே இறங்க இறங்க எனக்குத் தலை தெளிந்தது. கிராமத்துக்குள் என்னைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் குடத்தை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாராம். மேல்கோயில் இடிந்த பிறகு அந்தப் பாதையில் தோளில் ஏறி வந்தது நான் ஒருவன்தான் என்று வழிகாட்டி சிரித்தார். மறுநாள் நான் ரொட்டி தின்றேன். கோபி பின்தண்டிடம், "நீங்க வோணா முன்தண்டோட போயி கோயிலப் பாத்துட்டு வாங்க பெரிப்பா, நான் மாமாவப் பாத்துக்கறேன்" என்றான். அவர் போகமாட்டேன் என்றார். என்னை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் கவைக்கோலைக் கையிலிருந்து வைக்கவில்லை.

ஊருக்கு வந்து இறங்கியதும், வீட்டுக்குப் போகாமல், தோளில் பையோடு நேராக முனை வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படியில் ஒரு காலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அந்த வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "திருவிழா தேதி மாறிடுச்சா பின்தண்டு?" என்றார்.

டீக்கடையில் ஒரு மாதம் இதே பேச்சு.

"ஏன்பா, டெல்லிக்கும் அந்தாண்ட போயி ஒரு படியப் பாத்துட்டு வந்தியா?"

"ஆமா."

"கோயிலப் பாக்கவே இல்ல?"

"பாத்தேன்பா, தூரத்துலேர்ந்து. பின்செவுரு தெரிஞ்சிது."

"செவுரப் பாக்கவா அவ்ளோ தூரம் போன?"

"முதுகு தெரிஞ்சா போதாதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கோபியும் நானும் மட்டும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதிரு, உனக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும். உங்கள் முதுகை அவர் பார்த்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. அவருக்குத் தோளில் வலி வந்துவிட்டது. வாலாஜாபாத்தில் இருக்கிற மகள், அப்பாவும் அம்மாவும் தன்னோடு வந்து இருக்கட்டும் என்று கூப்பிட்டுவிட்டாள். போவதற்கு முன்னால் வேண்டியவர்களை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக வந்தார். உங்களை அவர் பார்க்கிற விதத்தில் பார்த்தார்.

வாலாஜாபாத் ஒன்றும் இமயமலை இல்லை. பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனாலும் நேற்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, உங்கள் அம்மாவிடம் பல்பு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதற்குள் அவரும் அண்ணியும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எங்கே உட்கார்ந்திருப்பார் என்று தேட வேண்டியதில்லை. கடைசி சீட்டில் இருந்தார். நான் கையை ஆட்டினேன். பின்கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தார், யாரோ போல. வாயால் டுபுடுபு என்று ஓட்டலாம் என்றால், சுற்றிலும் நிஜமான இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பஸ் நகர்ந்தது. நான் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். தோள் இரண்டையும் காதுகிட்டேயிருந்து கீழே இறக்கி வைத்துக்கொண்டேன், அவர் நிம்மதியாகப் போகட்டும் என்று.